டிசி (சரக்குடன் போகும் டெலிவரி சலான்) புத்தகத்தை விட்டுக் கணினிக்கு மாற நினைக்கிறோம்: எங்கிருந்து தொடங்குவது?

நூல்கண்டு:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் நாற்பது தையல் இயந்திரங்கள் கொண்ட ஒரு பனியன் யூனிட்டை என் தந்தையாரும் நானும் நடத்தி வருகிறோம். ஏற்றுமதியாளர்களிடமிருந்து வெட்டிய பீஸ்களை வாங்கித் தைத்து, செக்கிங், அயர்னிங் முடித்துக் கொடுப்பது எங்கள் வேலையில் ஒரு பாதி. சொந்தமாக நூல் வாங்கி, நிட்டிங், டையிங், காம்பாக்டிங் ஆகியவற்றை வெளியில் கொடுத்துச் செய்து, உள்நாட்டு வியாபாரிகளுக்கு டி-ஷர்ட் தைத்து விற்பது மறு பாதி. மூன்று ஆண்டுகளாக விற்பனை பில்களை மட்டும் டேலி கணக்கு மென்பொருளில் போடுகிறோம். மற்றவை எல்லாம் இன்றும் காகிதத்தில்தான் நடக்கின்றன.

துணி வெளியே போகும்போது வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்ற மூன்று தாள்களுக்கிடையே கார்பன் வைத்து டிசி எழுதுகிறோம். வெள்ளைத் தாள் பார்ட்டிக்கும், ரோஸ் வண்டிக்காரருக்கும் போய்விட, மஞ்சள் எங்களிடம் தங்கும். அதைப் பார்த்து ஸ்டோர்காரர் தம் லாங் சைஸ் நோட்டில் எழுதுவார். மாதக் கடைசியில் கணக்கு எழுதும் பெண் அந்த நோட்டைப் பார்த்து எக்செல்லில் ஏற்றுவார். தைத்த பீஸ் எண்ணிக்கைப்படி டெய்லர்களுக்குக் கூலி தரும் பீஸ் ரேட் கணக்கு சூப்பர்வைசரின் நோட்டில் தனியாக ஓடுகிறது.

சென்ற மாதம் நடந்ததைச் சொன்னால் என் கேள்வி விளங்கும். ஒரு லாட்டில் (ஒரே தொகுதியாகப் போகும் துணி) 515 கிலோ கிரே துணியை, அதாவது சாயமேற்றாத துணியை, டையிங்குக்கு அனுப்பியிருந்தோம். அது மூன்று நடையாகத் திரும்பி வந்தது. எங்கள் நோட்டின்படி வந்து சேர்ந்தது 428 கிலோ. டையிங்காரரோ 482 கிலோ கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஐம்பத்து நான்கு கிலோ துணி எங்கே போயிற்று என்று இரண்டு நாள் தேடினோம். இடையில் தொலைபேசியில் பேசக்கூடாத வார்த்தைகளும் பேசப்பட்டுவிட்டன. கடைசியில் என் தந்தையார் அவர்கள் கொடுத்த டிசிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்த்தபோதுதான், சரியான கூட்டுத்தொகையை நோட்டில் ஏற்றும்போது எண் இடம் மாறியிருப்பது தெரிந்தது. பதினான்கு ஆண்டுகளாக எங்களுக்கு வேலை செய்து தருபவரிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தோம்.

இனி எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தந்தையார் மறுக்கவில்லை, ஆனால் இரண்டு கேள்விகள் கேட்கிறார். "கையெழுத்து இல்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு நாளை எவனிடம் போய் நிற்பது?" என்பது ஒன்று. "கரண்ட் போனால் வண்டியை நிறுத்தி வைப்பாயா?" என்பது மற்றொன்று. எனக்கு இரண்டுக்கும் பதில் தெரியவில்லை. சட்டப்படி காகித டிசியை நிறுத்தலாமா? எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கொண்டுவருவதா, ஒவ்வொன்றாக மாற்றுவதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பேரேடு:

நூல்கண்டு அவர்களுக்கு வணக்கம். ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்குப் பார்க்கிறேன். முதலில் ஒரு சிறு குறிப்பு. கணக்கில் வித்தியாசம் வந்தால் அதை ஒன்பதால் வகுத்துப் பார்க்கச் சொல்லி எங்கள் மூத்தவர் கற்றுக்கொடுத்தார். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். உங்கள் 54, ஆறு ஒன்பது. துணியைத் தேடுவதற்கு முன் எண்ணைத் தேடியிருந்தால் அந்தத் தொலைபேசிப் பேச்சைத் தவிர்த்திருக்கலாம்.

இனி சட்டத்திற்கு வருகிறேன். கணக்குகளைக் கணினியில் வைத்துக்கொள்ள ஜிஎஸ்டி சட்டம் தெளிவாகவே இடம் தருகிறது. ஆனால் அத்துடன் சில கடமைகளும் வருகின்றன. காகிதப் பதிவேட்டில் எழுதியதை அழிக்கவோ மேலே எழுதவோ கூடாது, தவறை அடித்துக் கையொப்பமிட்டுத் திருத்த வேண்டும் என்று சொல்லும் அதே 56ஆம் விதி, கணினியில் வைத்திருப்போர் திருத்திய அல்லது நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் தடம் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எக்செல் தாளில் ஒரு கட்டத்தை அழித்துவிட்டு வேறு எண்ணை அடித்தால் முன்பு இருந்தது என்னவென்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் எக்செல்லை நான் கணக்குப் புத்தகமாக ஏற்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கும் சிலேட்டாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்குக் கம்பெனிச் சட்ட விதிகளின்படி 2023 ஏப்ரல் 1 முதல் இந்தத் திருத்தத் தடம் மென்பொருளிலேயே கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நீங்கள் கூட்டு நிறுவனமாகவோ தனி உரிமையாளராகவோ இருந்தால் அந்த விதி உங்களைக் கட்டாது. ஆனால் ஜிஎஸ்டியின் 56ஆம் விதி கட்டும்.

டிசியைப் பொறுத்தவரை, 55ஆம் விதி மூன்று பிரதிகள் கேட்கிறது. கையால் எழுத வேண்டும் என்று எங்கும் இல்லை. வரிசை எண் பதினாறு எழுத்துகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் தந்தையாரின் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது. அச்சடித்த டிசி புத்தகம் ஒன்றைத் தனி வரிசை எண்ணுடன் வாசலில் வைத்திருங்கள். மின்சாரமோ கணினியோ இல்லாத நேரத்தில் அதில் எழுதி வண்டியை அனுப்பிவிட்டு, பிறகு அதே எண்ணில் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம்.

அவருடைய முதல் கேள்வியை நான் மதிக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவையும் சாட்சியமாக வைக்கலாம். ஆனால் அதற்கு உரிய சான்றிதழை இணைக்க வேண்டும். பார்ட்டி கையெழுத்திட்ட ஒரு தாளைக் காட்டுவது அதைவிட எளிது. எனவே டிசியைக் கணினியில் போட்டு, மூன்று பிரதி அச்செடுத்து, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளைக் கோப்பில் வையுங்கள். இங்கே மாற வேண்டியது எழுதும் முறை. கையெழுத்து வாங்கும் பழக்கத்தை மாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை.

அச்செடுப்பதில் ஒரு எச்சரிக்கை. பில் போடும் சிறிய தெர்மல் பிரிண்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று டிசிக்கு அதை வாங்கிவிடாதீர்கள். அந்தத் தாளில் மை கிடையாது. சூடு பட்டுக் கறுப்பதுதான் எழுத்து. வெயில் படும் அலமாரியில் வைத்தால் சில மாதங்களிலேயே மங்கிப்போகும். ஆவணங்களை ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு. 2025-26ஆம் ஆண்டின் டிசியை 2032 டிசம்பர் முடிய வைத்திருக்க வேண்டும் என்று பொருள். எங்களிடம் ஒருவர் காலிச் சீட்டுக் கட்டொன்றைக் கொண்டுவந்து இவைதாம் பழைய டிசிகள் என்று கொடுத்தார். கார்பன் பிரதி எடுக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சத்தம் போட்டாலும் அதன் எழுத்து நிலைத்து நிற்கும்.

இறுதியாக ஒன்று. நீங்கள் இரண்டு வேடங்களில் இருக்கிறீர்கள். ஏற்றுமதியாளருக்குத் தைத்துக் கொடுக்கும்போது நீங்கள் ஜாப் ஒர்க் (பிறர் சரக்கில் கூலிக்கு வேலை) செய்பவர். சொந்தத் துணியை டையிங்குக்கு அனுப்பும்போது நீங்கள்தான் சரக்குக்கு உரியவர். அனுப்பிய துணி ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்ற ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவும், ஜாப் ஒர்க்குக்குப் போனதையும் திரும்பி வந்ததையும் காட்டும் ஐடிசி-04 படிவமும் அப்போது உங்களைச் சேர்ந்தவை. விற்றுமுதல் ஐந்து கோடிக்குள் இருந்தால் அந்தப் படிவம் ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 25க்குள். மேலே போனால் அரையாண்டுக்கு ஒருமுறை. ஐந்து கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸும் (அரசுத் தளத்தில் பதியும் பில்) உண்டு என்பதை நினைவில் வையுங்கள். இந்த இரு வேடங்களையும் மென்பொருளில் தனித்தனி வரிசையாகப் பிரித்துக் காட்டாத எதையும் வாங்க வேண்டாம்.

---

கட்டிங்மாஸ்டர்:

பேரேடு அவர்கள் சட்டத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் பட்டதைச் சொல்கிறேன், தம்பி.

2019இல் நாங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினோம். நூல் கொள்முதல் முதல் பெட்டி கட்டுவது வரை அனைத்தும் அடங்கிய மென்பொருள் ஒன்றை வாங்கினோம். விற்றவர்கள் நல்ல பிள்ளைகள். கணினி நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு டையிங் யூனிட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஒவ்வொரு கிரே ரோலுக்கும் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி, அதே ரோல் எண்ணில் சாயத் துணி திரும்பி வர வேண்டும் என்று அமைத்திருந்தார்கள். சாயத் தொட்டிக்குள் போகும்போது ரோல்களைப் பிரித்து, நுனியோடு நுனி தைத்துக் கயிறு போல் நீளமாக விடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இருபது ரோலாகப் போனது பதினெட்டு ரோலாக வரும். எந்த ரோல் எதுவென்று சாயக்காரராலும் சொல்ல முடியாது. ஸ்டிக்கர் முதல் கழுவலிலேயே போய்விடும். மென்பொருளோ இரண்டு ரோல் குறைகிறது என்று சிவப்பில் எச்சரித்துக்கொண்டே இருந்தது. அதை வாயடைக்க ஸ்டோர் பையன் மனம்போனபடி ரோல் எண்களைத் தட்டத் தொடங்கினான். பொய்யை எழுதுவதற்கு மாதச் சந்தா கட்டிய கதையாகிவிட்டது.

அதைவிடப் பெரிய பிழையை நாங்களே செய்தோம். வாசலில் பழையபடி நோட்டில் எழுதிவிட்டு, மாலை ஐந்து மணிக்கு ஒரு பெண் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவார். ஆக, காகிதம் போகவில்லை. காகிதத்துக்கு மேல் ஒரு வேலை கூடியது. திரையில் தெரிவது எப்போதும் நேற்றைய இருப்பு. பதினோரு மாதத்தில் கைவிட்டோம்.

இரண்டாம் முறை தொடங்கும்போது என் மைத்துனர் ஒரு யோசனை சொன்னார். ஒரு லாட்டின் எடை நம் யூனிட்டுக்குள் எத்தனை இடத்தில், எத்தனை கையால் எழுதப்படுகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். ஆறு இடம். முதல் இடத்தைத் தவிர மற்ற ஐந்தும் நகல். எண் புரளுவதெல்லாம் நகலில்தான். ஆகவே எடை மெஷினுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கணினியை வைத்தோம். மெஷினிலிருந்து ஒரு கேபிள், எடை தானாகவே திரையில் விழும், யாரும் தட்டுவதில்லை. ஸ்டோர்காரர் நிரப்ப வேண்டியவை லாட் எண், பார்ட்டி, நிறம், டயா, ரோல் எண்ணிக்கை ஆகிய ஐந்து மட்டுமே. சாயத்துக்கு முன் ஒரு ரோல் பட்டியல், சாயத்துக்குப் பின் புதிதாக ஒரு ரோல் பட்டியல். இரண்டையும் பிணைப்பது லாட் எண் ஒன்றுதான். ஆறு மாதம் வேறு எதையும் தொடவில்லை.

திரையில் வரும் சொற்களையும் மாற்றச் சொன்னோம். "டயா" என்று ஸ்டோர்காரர் சொல்வதை "துணி அகலம்" என்று எழுதி வைத்திருந்தார்கள். அவர் மூன்று நாள் அந்தக் கட்டத்தில் இஞ்ச் போடுவதா, சென்டிமீட்டர் போடுவதா என்று திகைத்திருக்கிறார். கேட்கக் கூச்சம். நீங்கள் வாங்கப்போகும் மென்பொருளை முதலில் பார்க்க வேண்டியவர் நீங்கள் அல்லர், உங்கள் ஸ்டோர்காரர்.

ரெடிமேட் மென்பொருளா, சொல்லிச் செய்வதா என்று அடுத்து யோசிப்பீர்கள்: பில்லும் ஜிஎஸ்டியும் ரெடிமேடிலேயே இருக்கட்டும். விதி மாறும்போது அவர்களே மாற்றித் தருவார்கள். லாட் கணக்கு மட்டும் உள்ளூர் ஆளிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். ஆனால் ஒப்பந்தத்துக்கு முன்பே, "என் தரவு முழுவதையும் எக்செல்லாக எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். முதல் மென்பொருளை நிறுத்தியபோது எங்கள் பதினோரு மாதக் கணக்கு அதற்குள்ளேயே தங்கிவிட்டது.

---

அரைஷிஃப்ட்:

ஓனர் பக்கமிருந்தே எல்லோரும் பேசுவதால் லைன் பக்கமிருந்து நானும் எழுதுகிறேன். பதினேழு ஆண்டுகளாக சூப்பர்வைசர் வேலை பார்க்கிறேன்.

துணிக் கணக்கை நீங்கள் எப்படி மாற்றினாலும் டெய்லர்களுக்குக் கவலையில்லை. பீஸ் ரேட் நோட்டைத் தொடும்போது மட்டும் நின்று யோசியுங்கள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள் பலர் தத்தம் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார்கள். பண்டில் முடிந்ததும் அதில் ஒரு கோடு. சூப்பர்வைசரின் நோட்டும் அந்த நோட்டும் சனிக்கிழமை மதியம் ஒத்துப்போக வேண்டும். இரண்டு பக்கமும் எழுதி வைத்திருப்பதால்தான் அந்தக் கணக்கு இத்தனை காலம் நிற்கிறது.

நான் முன்பு இருந்த யூனிட்டில் பண்டில் டிக்கெட்டை ஸ்கேன் செய்யும் முறை வந்தது. ஒரு சனிக்கிழமை ஷோல்டர் ஜாயின்ட் தைக்கும் அக்கா ஒருவரின் நோட்டில் 1,140 பீஸ் இருந்தது, கணினியில் 1,040. ஆபீசில் கணினிதான் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இருபத்தைந்து பீஸ் கட்டிய நான்கு பண்டில்களின் டிக்கெட், ஸ்கேன் ஆகாமல் செக்கிங் மேசையின் கீழ்க் கூடையில் கிடந்ததைச் செவ்வாய்க்கிழமை நான்தான் கண்டெடுத்தேன். நூறு பீஸுக்கான காசு பெரிய தொகையன்று. அதைத் திங்கட்கிழமையே கொடுத்திருக்கலாம். அதற்குள் அந்த அக்காவும் அவருடன் வரும் இன்னொருவரும் அடுத்த தெரு யூனிட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆள் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணினி வேண்டாம் என்பது என் கருத்தன்று. சூப்பர்வைசருக்கு வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிவரை கூட்டல் போடும் வேலை மிச்சமாகும். அதை மனமாரச் சொல்கிறேன். ஆனால் அன்றன்று மாலை, யார் எந்த வேலையில் எத்தனை பீஸ் என்று ஒரு சீட்டு அச்சாகி அவரவர் கையில் போக வேண்டும். (இந்தச் சீட்டுக்குத் தெர்மல் தாளே போதும், சனிக்கிழமை வரை இருந்தால் சரி.) அன்றைக்கே தங்கள் நோட்டோடு ஒத்துப் பார்த்து வித்தியாசம் இருந்தால் சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய சின்ன நோட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

---

கட்டிங்மாஸ்டர்:

அரைஷிஃப்ட் சொல்வதை ஏற்கிறேன். டெய்லரின் நோட்டு டெய்லருடையது, அதில் நமக்கு வேலையில்லை. ஆனால் நம் நோட்டு விஷயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே இருப்பேன். பழைய நோட்டும் கணினியும் சேர்ந்து ஓடும் காலத்துக்கு ஒரு கடைசித் தேதி குறித்தே ஆக வேண்டும். நாங்கள் முதல் முறை தேதி குறிக்கவில்லை. இரண்டும் ஓடும்வரை எல்லோரும் நோட்டைத்தான் நம்புவார்கள். கணினியில் தவறு இருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். எங்களுக்கு ஆறு வாரம் போதுமானதாக இருந்தது.

---

பேரேடு:

தேதி குறிப்பதாக இருந்தால் ஏப்ரல் 1ஆம் தேதியைக் குறியுங்கள். பில், டிசி வரிசை எண்கள் அன்று எப்படியும் புதிதாகத் தொடங்கும். பிப்ரவரி நடுவிலிருந்து இரண்டையும் ஓட்டிப் பார்த்து, மார்ச் 31 இரவு கையிருப்புத் துணியை நேரில் எடைபோட்டு, அந்த எடையையே கணினியின் தொடக்க இருப்பாக ஏற்றுங்கள். பழைய நோட்டின் இருப்பை அப்படியே கணினியில் ஏற்றினால் பழைய தவறும் சேர்ந்து ஏறிவிடும். பேக்கப் எடுப்பதும் விதிப்படியே கடமை. இரண்டு வெளி டிஸ்கில் மாற்றி மாற்றி எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். திறக்காத பேக்கப்பைப் பற்றி என்னிடம் நிறையக் கதைகள் இருக்கின்றன.

---

நூல்கண்டு:

அனைவருக்கும் நன்றி. கட்டிங்மாஸ்டர் ஐயா சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். எங்கள் யூனிட்டில் ஒரு லாட்டின் எடை ஏழு இடத்தில் எழுதப்படுகிறது. ஏழாவது இடம், என் தந்தையார் சட்டைப் பையில் வைத்திருக்கும் துண்டுச் சீட்டு. அதை நான் இதுவரை கணக்கில் சேர்த்ததே இல்லை.

வாசலில் எடை மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கணினி, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ஒரு யுபிஎஸ் ஆகியவற்றுடன் டிசி, லாட் கணக்கு இரண்டை மட்டும் ஏப்ரலில் தொடங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். பீஸ் ரேட் இப்போதைக்கு நோட்டிலேயே ஓடும். மின்சாரம் இல்லாத நேரத்துக்கான தனி டிசி புத்தகத்தைத் தந்தையார் உடனே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். வந்ததும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுப் பீரோவில் வைத்துவிட்டார்.

ஒரே ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது. துணி டையிங்கிலிருந்து திரும்பும்போது அவர்களுடைய டிசி எண்ணோடு வருகிறது. எங்கள் கணினி அதற்கு வரவு எண் ஒன்றைத் தானாகப் போடும். இரண்டில் எதை முதன்மையாக வைத்துக்கொள்வது?

---

பேரேடு:

உங்கள் வரவு எண் உங்கள் வசதிக்காக இருக்கட்டும். படிவத்துக்கு வேண்டியவை வேறு இரண்டு: நீங்கள் அனுப்பியபோது போட்ட டிசி எண், அவர்கள் திருப்பும்போது போட்ட டிசி எண். ஐடிசி-04இல் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. செய்முறையில் கழிந்த எடைக்கும் ஒரு கட்டம் உண்டு. உங்கள் 515 கிலோ லாட்டுக்கு அங்கே 33 கிலோ என்று வர வேண்டும். வரவு போடும் திரையில் "அனுப்பிய டிசி எண்", "பார்ட்டி டிசி எண்" இரண்டையும் நிரப்பாமல் சேமிக்க முடியாதபடி அமைக்கச் சொல்லுங்கள். மூன்று நடையாக வந்தால் மூன்று வரவும் அனுப்பிய ஒரே டிசி எண்ணின்கீழ் நிற்க வேண்டும். அந்த ஒரு ஏற்பாடு இருந்திருந்தால், சென்ற மாதம் உங்கள் தந்தையார் டிசிகளைக் கையால் அடுக்கிக் கூட்டியதைத் திரையே கூட்டிக் காட்டியிருக்கும்.